மலை நடை குரூப்புக்கு ஒரு கைக்குழந்தைக்காரியோட திறந்த மடல்

அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம்.

போன வாரம் நம்ம குரூப்ல ஒரு முடிவு சொல்லிட்டீங்க, இனிமே மூணு வயசுக்குக் கீழ உள்ள புள்ளைகளத் தூக்கிட்டு யாரும் மலை நடைக்கு வர வேணாம்னு. குரூப்லயே பதில் போட்டிருக்கலாம், ஆனா அங்க போட்டா நாலு பேரு கட்டைவிரல் தூக்கிட்டு அடுத்த குட்மார்னிங் போட்டோக்குப் போயிடுவாங்க. அதோட இது நம்ம முப்பது நாப்பது பேரோட சங்கதி மட்டும் இல்ல, காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கோட்டையூர்னு இந்தப் பக்கம் கைக்குழந்தையோட இருக்குற எத்தனையோ பொண்ணுங்களுக்கு இது சேரணும், அதனாலதான் எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதுறேன்.

நீங்க கெட்ட எண்ணத்துல அந்த முடிவு எடுக்கலன்னு எனக்கு நல்லாவே தெரியும். பங்குனி மாச நடையில வெயில்ல இறங்கும்போது, நம்ம கூட வந்த ஒரு பொண்ணோட பச்சப்புள்ள அழுத அழுகையக் கேட்டு எல்லாருக்குமே மனசு பதறிடுச்சு, எனக்கும்தான், என் மக என் தோள்ல தூங்கிட்டிருந்தா, ஆனாலும் கை காலெல்லாம் நடுங்கிருச்சு. அப்படி ஒண்ணு இன்னொரு தடவ நடக்கக்கூடாதுன்னு நீங்க நெனைக்கிறதுல தப்பே இல்ல. ஆனா அதுக்கு நீங்க கண்டுபுடிச்ச வழிதான் சரியில்லன்னு சொல்றேன்.

குழந்தைக்குத் தடைன்னு எழுதுனாலும் அது போய் விழுறது அம்மா மேல. நம்ம குரூப்லயே எண்ணிப் பாருங்க, புள்ள பொறந்தப்புறம் அந்த வீட்டு ஆம்பள யாராச்சும் நடைக்கு வராம நின்னிருக்காங்களா? நின்னது பூராவும் பொண்ணுங்கதான். கல்யாணத்துக்கு முன்னாடி முன்வரிசையில நடந்தவங்க எத்தனை பேரு இன்னைக்கு குரூப்ல பேரா மட்டும் இருக்காங்கன்னு பாருங்க. நம்ம பக்கத்து வீடுகளும் உங்களுக்குத் தெரியாததில்ல, முன்வாசல்ல நின்னு கூப்பிட்டா பின்கட்டுல கேக்காது, அவ்வளவு பெரிய வீடு, ஆளெல்லாம் சென்னை, சிங்கப்பூர்னு போயாச்சு, வயசானவங்க ரெண்டு பேரும் ஒரு கைக்குழந்தைக்காரியும் மட்டும் அந்த வளவுக்குள்ள காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும். புள்ள பெத்த மொத வருசத்துல மனசு கனத்துப் போறது எத்தனையோ பேருக்கு வருது, அதுக்கு டாக்டர்கிட்ட போக வேண்டிய நேரமும் உண்டு, ஆனா காத்தோட்டமா வெளிய வந்து நாலு மனுசங்களோட பேசிக்கிட்டே நடக்குறதும் ஒரு பெரிய ஆறுதல்தான். அதுதான் எனக்கு இந்த குரூப்ல கெடைச்சது. அத ஒரு வரியில அடைச்சிராதீங்க.

குழந்தையத் தூக்கிட்டு மலை ஏறுறது என்னமோ இப்ப வந்த ஃபேஷன் மாதிரி சில பேரு பேசுறாங்க. பழநியில 693 படி, ரோப் கார், வின்ச் எல்லாம் இருந்தும் மொட்ட போடுறதுக்கு ஒரு வயசுப் புள்ளைய இடுப்புல வச்சுக்கிட்டு படி வழியா ஏறுறவங்கள நம்ம பாக்குறதில்லையா? திருவண்ணாமலையில கார்த்திகை தீபத்தப்ப கரும்புல தொட்டில் கட்டி கைக்குழந்தையப் போட்டு அப்பனும் ஆத்தாளும் ஆளுக்கொரு முனையத் தோள்ல சுமந்துக்கிட்டு மாடவீதி சுத்துறாங்க. நம்ம குன்றக்குடியிலயே எத்தனை மொட்ட, எத்தனை காதுகுத்து. அங்கெல்லாம் புள்ளைக்கு எத்தனை மாசம்னு யாரும் கேக்குறதில்ல. சாமிக்குன்னா சரி, ஆத்தாக்காரி ஆசைக்குன்னா தப்பான்னு கேட்டா நீங்க கோவிச்சுக்குவீங்க, ஆனா கேக்கத்தான் தோணுது.

அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு கொஞ்சம் பொறுமையா யோசிச்சுப் பாருங்க. எந்த மலைன்னு இங்க வேணாம். பங்குனி மாசம். ஆறு மணிக்குக் கெளம்புறதா பேச்சு, வேன் வர்றதுக்கு லேட்டு, வழியில இட்லி சாப்பிடணும்னு ஒரு அர மணி நேரம், அங்க போய் குரூப் போட்டோ, அடியில கால் வைக்கும்போதே எட்டரை தாண்டிருச்சு. மேல போய் உக்காந்து பேசி இறங்க ஆரம்பிக்கும்போது வெயில் உச்சிக்கு வந்துருச்சு, வழி பூரா மொட்டப் பாறை, ஒரு புளிய மரம்கூட இல்ல. அழுத புள்ளையோட அம்மா பாதியில திரும்பிடலாமான்னு கேட்டா, நான் பக்கத்துலதான் இருந்தேன், "இன்னும் கொஞ்சந்தாம்மா, வந்துருச்சு"ன்னு மூணு பேரு சொன்னாங்க. குழந்தை வந்ததாலயா பிரச்சனை வந்துச்சு? கெளம்புன நேரமும், திரும்புறேன்னு ஒருத்தி சொன்னத நாம கேக்காததும்தான் அன்னைக்குப் பிரச்சனை.

வெயில்தான் நம்ம ஊருக்கு மொத விஷயம், அதனால அதயே கொஞ்சம் நீட்டிச் சொல்றேன். சின்னப் புள்ளைக்கு உடம்பு எடையோட ஒப்பிட்டா தோல் பரப்பு ரொம்ப அதிகம், நமக்கு வேர்க்குற அளவுக்கு வேர்த்து சூட்ட வெளியேத்தவும் தெரியாது, அதனால நம்மள விட சீக்கிரமே உடம்பு கொதிச்சிரும். அதுவும் நெஞ்சோட கட்டியிருந்தா ஏறுற ஆத்தாளோட சூடும் சேர்ந்துக்கும். வெயில் படக்கூடாதேன்னு பாசமா துப்பட்டாவ தலையிலேர்ந்து இழுத்து மூடிடுவோம் பாருங்க, அதுதான் ஆபத்து, உள்ள காத்து இருக்காது, சூடு அப்படியே தங்கிரும், மூஞ்சியும் நமக்குத் தெரியாது. மூஞ்சி எப்பவும் தெரியணும். நிழலுக்கு அகலமான தொப்பி, இல்ல பக்கத்துல வர்றவங்க ஒரு குடை புடிச்சா போதும், கை காலு மூடுற மாதிரி லூசா ஒரு பருத்திச் சட்டை. ஆறு மாசத்துக்குள்ள உள்ள புள்ளைக்கு சன்ஸ்க்ரீன் பூச வேணாம், நிழல்தான் மருந்து.

தண்ணி விஷயத்துலயும் நம்ம ஆளுங்களுக்கு ஒரு குழப்பம் இருக்கு. நாக்கு வறண்டுரும், ஒரு சங்கு தண்ணி ஊத்துன்னு அன்னைக்கு ஒருத்தவங்க சொன்னாங்க, அன்போடதான் சொன்னாங்க. ஆறு மாசம் முடியுற வரைக்கும் தாய்ப்பால் மட்டும்தான், வெயில் காலமா இருந்தாலும் தண்ணி வேணாம்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. வெயில்னா அடிக்கடி பால் குடுக்கணும், அதுக்கு அம்மா நல்லா தண்ணி குடிச்சிருக்கணும், அவ்வளவுதான். அதனால புள்ளையோட வர்ற அம்மா கையில பாட்டில் காலியா இருக்கான்னு பாத்து நெரப்பிக் குடுக்குறது நீங்க செய்யக்கூடிய பெரிய உதவி. ஒண்ணுக்குப் போறது கொறஞ்சா, வாய் உலர்ந்திருந்தா, அழுது கண்ணுல தண்ணி வரலன்னா, உச்சிக்குழி அமுங்குன மாதிரி இருந்தா, ரொம்பத் தொவண்டு போய் பால் குடிக்கலன்னா அதுக்கப்புறம் நடையாவது உச்சியாவது, நேரா ஆஸ்பத்திரி, வண்டி இல்லன்னா 108. இத குரூப்ல பின் பண்ணி வைங்க, தயவு செஞ்சு.

அடுத்து தூக்குற விதம். கழுத்து நிக்காத புள்ளைய மலைக்குக் கொண்டு வரவே வேணாம்னுதான் நானும் சொல்லுவேன், தெரு முனை வரைக்கும் நடந்துட்டு வரட்டும், போதும். பொதுவா மூணு நாலு மாசத்துல கழுத்து நிக்க ஆரம்பிச்சு, ஆறு மாசத்துக்குள்ள நல்லா உறுதியாகும். துணியில கட்டினாலும் கங்காரு பேக்னு கடையில விக்கிறதுல வச்சாலும், புள்ளையோட தாடை நெஞ்சுல போய் குத்தி நிக்கக்கூடாது, நடுவுல ரெண்டு விரல் போற எடம் இருக்கணும், இல்லன்னா மூச்சு அடைச்சுக்கும், சத்தமே வராது. குனிஞ்சா நம்ம உதடு புள்ள உச்சந்தலையில படுற ஒசரத்துல இருக்கணும். காலு ரெண்டும் நேரா தொங்கக்கூடாது, தொடை தாங்குன மாதிரி, முட்டி குண்டிய விட ஒசந்து, அகண்டு இருக்கணும், அப்பதான் இடுப்பு மூட்டு ஒழுங்கா வளரும். நம்ம அப்பத்தாமாரு இடுப்புல வச்சுத் தூக்குறாங்களே, அதுல கால் தானாவே அப்படித்தான் வந்து உக்காருது, அத யாரும் அவுகளுக்கு கிளாஸ் எடுத்துச் சொல்லிக் குடுக்கல.

கம்பி ஃபிரேம் வச்ச முதுகுப்பை மாதிரி வர்றதுல புள்ள தானா உக்கார ஆரம்பிச்சப்புறம்தான் வைக்கணும், பெரும்பாலும் ஆறேழு மாசத்துக்கு மேல, கம்பெனிக்காரன் குறைஞ்ச எடைன்னு எத்தனை கிலோ போட்டிருக்கானோ அதப் பாத்துக்கணும்.

இதுல யாரும் பேசாத ஒண்ணு, ஏறுறத விட இறங்குறதுதான் கஷ்டம். புள்ள முன்னாடி இருந்தா நம்ம காலு நமக்குத் தெரியாது. என் மகள நெஞ்சுல கட்டிக்கிட்டு செதுக்குன படியில இறங்கும்போது நான் ஒவ்வொரு படியையும் பெருவிரலால தடவித் தடவித்தான் வைப்பேன், படி நடுவுல தேஞ்சு பள்ளமா வழுவழுன்னு இருக்கும், கோயில் மலைன்னா செருப்பும் இருக்காது, ஒரு கை செவத்துல, ஒரு கை அவ முதுகுல. அந்த நேரத்துல பின்னாடிலேர்ந்து யாராச்சும் வேகமா இறங்கி வந்து தோள்ல இடிச்சா என்ன ஆகும்? அதனால புள்ள முதுகுல இருக்குற வயசு வந்தா முதுகுலதான், இல்லன்னா ஒரு படி கீழ ஒருத்தவங்க முன்ன நடக்கணும். தூக்குறது அம்மாவாதான் இருக்கணும்னு எந்தச் சட்டமும் இல்ல, அப்பன் தூக்கட்டும், மாமன் தூக்கட்டும், குரூப்ல ஜிம்முக்குப் போற தம்பிங்க எத்தனை பேரு இருக்கீங்க. புள்ள பெத்து கொஞ்ச மாசம்தான் ஆன உடம்புக்கு, அதுவும் சிசேரியன்னா, வயித்துலயும் அடியிலயும் தசை இன்னும் சேந்திருக்காது, அவளுக்கு வெறும் கையோட நடக்குறதே பெருசு, அதுவும் டாக்டரக் கேட்டுட்டு.

பெரியவங்களுக்கு தனியா ஒரு வார்த்தை. "என்னத்தா, பச்சப்புள்ளயத் தூக்கிக்கிட்டு எங்கன கெளம்பிட்ட"ன்னு நீங்க கேக்கும்போது எனக்குக் கோவம் வர்றதில்ல, அந்தக் கேள்வியில பாதி நியாயம் இருக்கு. காத்துல கொண்டு போகாதன்னு நீங்க சொல்றது கொடைக்கானல் பக்கம் போனா அப்படியே உண்மை. அங்க 2,000 மீட்டருக்கு மேல, நமக்கு ஏறுற மூச்சுல வேர்த்துக் கொட்டும், ஸ்வெட்டரக் கழட்டிருவோம், ஆனா முதுகுல இருக்குற புள்ள நடக்கலையே, அசையாம உக்காந்திருக்கு, அதுக்கு குளிரும். நம்ம உடம்ப வச்சு புள்ளையோட சூட்டக் கணக்குப் போடக்கூடாது, பிடரியிலயும் வயித்துலயும் கைய வச்சுப் பாக்கணும். சிறுமலைக்கு 18 கொண்டை ஊசி வளைவு, கொல்லிமலைக்கு 70, அதுல கார் ஏறி இறங்கும்போது நமக்கே காது அடைக்குது, புள்ளைக்கும் அடைச்சு வலிக்கும், சொல்லத் தெரியாம அழும். ஓரமா வண்டிய நிறுத்தி பால் குடுத்தா முழுங்க முழுங்க காது திறந்துரும். ஓடுற வண்டியில மடியில வச்சுக் குடுக்காதீங்க, நிறுத்தித்தான்.

எல்லா மலையும் எல்லாப் புள்ளைக்கும் ஆகும்னு நான் சொல்லவே இல்ல. பிரான்மலை நம்ம பாரியோட பறம்பு மலை, நம்ம பக்கத்துலயே ஒசந்தது, அடிவாரக் கோயில் வரைக்கும் தாராளமா வரலாம், ஆனா 2,000 அடிக்கு மேல ஒசரத்துல இருக்குற உச்சி தர்கா வரைக்கும் கைக்குழந்தையோட ஏற வேணாம், நானும் ஏற மாட்டேன். சதுரகிரி பல மணி நேர நடை, புலிகள் காப்பகத்துக் காடு, அவசரம்னா வண்டி வராது, அதுவும் வேணாம். ஆனா குன்றக்குடி? அது சின்னக் குன்று, படி இருக்கு, நிழல் மண்டபம் இருக்கு, கீழ ரோடு. விடியக்காலையில ஏறுனா வெயில் வர்றதுக்குள்ள கீழ வந்து டீ குடிச்சிரலாம். நார்த்தாமலையில விஜயாலய சோழீஸ்வரம் கோயில் வரைக்கும் போற பாறைச் சரிவு, அதுவும் விடியல்ல போனா அருமை, பாறை சூடாகுறதுக்கு முன்னாடி திரும்பிடணும், மழை பேஞ்ச மறுநாள் வேணாம், வழுக்கும். திருமயம் கோட்டையும் சித்தன்னவாசலும் டிக்கெட் குடுத்துத் தொறக்குறதுக்குள்ள வெயில் ஏறிரும், அதனால மார்கழி, தையில சாயங்காலமா வச்சுக்கலாம். சித்திரை, வைகாசியில எங்கயும் வேணாம், கண்மாய்க் கரையில ஒரு நடை போதும்.

இன்னும் மூணு விஷயம் அவசரமா சொல்லிடுறேன். கோயில் மலையில கொரங்கு இருக்கும், பிஸ்கட் பாக்கெட் சரசரன்னு சத்தம் கேட்டா பைய புடுங்கும், புள்ள கையில திங்கிறது எதையும் குடுக்காதீங்க. பாறைச் சரிவுல மலைத்தேனீ அடை தொங்குனா அந்தப் பக்கமே வேணாம், கத்துறது, புகை போடுறது, கல்லெறியிறது எதுவும் கூடாது, புள்ளையோட ஓட முடியாது. அப்புறம் புல்லுல புள்ளைய அப்படியே படுக்கப் போடாதீங்க, கண்ணுக்கே தெரியாத பூச்சி கடிச்சு ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல் வரும், நம்ம தமிழ்நாட்டுல அது இருக்கு, விரிப்பு விரிச்சுத்தான் விடணும், வீட்டுக்கு வந்ததும் குளிப்பாட்டி மடிப்பு மடிப்பா உடம்பப் பாக்கணும், போயிட்டு வந்து ரெண்டு மூணு வாரத்துக்குள்ள காய்ச்சல் வந்தா மலைக்குப் போனோம்னு டாக்டர்கிட்ட சொல்லணும். சீக்கிரம் கண்டுபுடிச்சா மருந்துலயே சரியாயிரும்.

என்னோட ஆசை எல்லாம் மேல தூளி கட்டுறதுதான். பழைய கண்டாங்கிச் சேலை தொவச்சுத் தொவச்சு மெத்துனு ஆனது எங்க வீட்டுல ஒண்ணு இருக்கு, மண்டபத்துத் தூண் பக்கத்துல நல்ல கிளையா ஒரு வேப்பமரம் கெடைச்சா முடிச்சப் போட்டு, மொதல்ல நானே கையால தொங்கி இழுத்துப் பாத்துட்டு, தரையிலேர்ந்து ஒரு முழம் ஒசரத்துலதான் கட்டுவேன். மக அதுக்குள்ள ஒரு காலத் தூக்கி வெளிய போட்டுக்கிட்டு காத்துக்கு ஆடுற இலையப் பாத்துக்கிட்டே தூங்கிருவா. வீட்டு விட்டத்துல கட்டுன தூளியில அர மணி நேரம் ஆட்டணும், அங்க ரெண்டு ஆட்டு.

சரி, நான் கேக்குறது என்னன்னு வர்றேன். தடைய எடுத்துட்டு, மாசத்துக்கு ஒரு நடைய கைக்குழந்தைக்காரங்களுக்கு ஏத்த மாதிரி வைங்க. அந்த நடைக்கு புள்ள வேகம்தான் வேகம். வேன் அஞ்சரைக்குக் கெளம்புனா கெளம்புனதுதான், இட்லி இறங்குனப்புறம், எட்டு மணிக்கு எங்க நின்னாலும் திரும்பிடணும், உச்சி பாக்கலன்னாலும் பரவால்ல. கடைசியில ஒருத்தவங்க எப்பவும் நடக்கணும், புள்ளைக்காரிக்குப் பின்னாடி யாரும் இல்லங்குற நெலம வரக்கூடாது. ஒருத்தி திரும்புறேன்னு சொன்னா அதோட பேச்சு முடிஞ்சுது, "இன்னும் கொஞ்சந்தான்"னு யாரும் சொல்லக்கூடாது, அவளோட ரெண்டு பேரு திரும்பணும். பால் குடுக்க ஒரு நிறுத்தம், ரெண்டு துப்பட்டாவக் கட்டி ஒரு மறைப்பு. 2015-லயே நம்ம தமிழ்நாட்டு பஸ் ஸ்டாண்டுகள்ல தாய்மார் பாலூட்டும் அறை வந்துருச்சு, மலை வழியில நம்மளே நாலு பேரு சேந்து ஒரு மறைப்பு கட்ட முடியாதா என்ன. டயபர் எதையும் பொதருக்குள்ள வீச மாட்டோம், கவர்ல போட்டு கீழ கொண்டு வந்துருவோம், அதுக்கு நான் பொறுப்பு.

மத்த வாரத்து நடை எல்லாம் உங்க இஷ்டப்படி நீளமா, வேகமா நடக்கட்டும், எந்த மலைக்கு கைக்குழந்தை வேணாம்னு காரணத்தோட எழுதிப் போடுங்க, யாரும் சண்டைக்கு வர மாட்டோம். வயச மட்டும் பாத்து மொத்தமா வாசல மூடாதீங்கன்னுதான் சொல்றேன். ஏழு மாசப் புள்ளைய முதுகுல வச்சு தூக்கிடலாம், அது பாட்டுக்கு சிரிச்சிட்டு வரும், ரெண்டு வயசுப் புள்ள தூக்கவும் விடாது, நடக்கவும் நடக்காது, படி ஓரத்துல ஓடும், அதுக்குத்தான் உண்மையில ரெண்டு ஆளு வேணும். மூணு வயசுன்னு ஒரு கோடு போட்டா ரெண்டு பேரும் ஒண்ணாயிடுவாங்களா?

மார்கழி பொறந்தா குன்றக்குடிக்கு மொத நடை போடலாம்னு நெனைக்கிறேன், அதுக்குள்ள நீங்க பேசி முடிவு சொல்லுங்க. அன்னைக்கு அழுத புள்ளையோட அம்மாகிட்ட நான் போன்ல பேசிட்டேன், புள்ள நல்லா இருக்கு, ஆனா அவ இன்னும் குரூப்ப விட்டுப் போகலாமான்னு யோசிச்சுக்கிட்டிருக்கா, அட்மின் அக்கா ஒரு தடவ கூப்பிட்டுப் பேசுங்க. தூளிச் சேலை என்கிட்ட இருக்கு, குடை நாலு வேணும், கடைசியில நடக்குறதுக்கு ரெண்டு பேரு வேணும், விருப்பம் உள்ளவங்க பேரு குடுங்க.

இப்படிக்கு,
கோட்டையூர்லேர்ந்து உங்க குரூப்புத் தங்கச்சி